மூடாத அம்பாரம்

ஆட்டோக்காரர் தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டார். இதற்கு மேல் உப்பளத்து வரப்பில் இறங்கினால் டயருக்கு ஆகாது என்றார். அனுசியா முதலில் இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கினாள்.

பங்குனி வெயில். ரோட்டிலிருந்து கடல் இருக்கிற திசை வரைக்கும் உப்புப் பாத்திகள். வானம் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத ஒரே வெள்ளை. தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் மட்டும் அந்த வெள்ளையில் பென்சிலால் கீறியது போல நின்றன. வரப்பு போய் முடிகிற இடத்தில் ஒற்றை வீடு. அதன் வாசலுக்கு எதிரே மேட்டில் ஓர் உப்புக் குவியல். அம்பாரம் என்பார்கள். ஆள் உயரம்கூட இருக்காது. ஆனால் மட்டமான அந்த நிலத்தில் ரோட்டில் நிற்கிறவர் கண்ணுக்கு அதுதான் முதலில் படும்.

அம்மா நின்றுவிட்டாள்.

"அம்பாரம் தெறந்து கெடக்கா, ஏளா?"

"கெடக்கும்மா. வெள்ளையாத் தெரியுது."

"சரி. நட."

அம்மா செல்லத்தாய்க்கு முந்தின நாள்தான் வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்திருந்தது. கண்ணுக்கு மேல் மூடி வைத்து ஒட்டியிருந்தார்கள். இடது கண்ணை அளத்து வெளிச்சம் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. ஒரு வாரம் குனியக்கூடாது, வெயிலைப் பார்க்கக்கூடாது, வேளை தவறாமல் சொட்டு மருந்து விடவேண்டும். அந்த ஒரு வாரத்துக்காகத்தான் அனுசியா பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு ஏரலிலிருந்து வந்திருந்தாள். வாரம் முடிந்ததும் அம்மாவைக் கையோடு ஏரலுக்கே கூட்டிப்போய்விடுவது என்று அவளும் அவள் கணவன் முத்துச்செல்வமும் முடிவு செய்திருந்தார்கள். அவர்களுடைய பாத்திரக் கடைக்கு மேலே மாடியில் காற்றோட்டமான அறை ஒன்று தயாராக இருந்தது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டாள்.

அம்மா இந்த வீட்டை விட்டு யார் வீட்டுக்கும் வந்து தங்கியதில்லை. அப்பாவுக்காகக் காத்திருக்கிறாள் என்று ஊரே சொல்லும். அனுசியாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அவளுடைய அப்பா சிவபாலன் அளத்துத் தொழிலாளிகளுக்குச் சங்கம் கட்டியவர். ஒரு பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பெயரில் வழக்குகள் விழுந்து தலைமறைவானார். அனுசியா பிறந்தபோது அவர் ஊரில் இல்லை. அவள் கைக்குழந்தையாக இருக்கும்போது ஒரு நாள் உச்சிவேளையில் வீட்டுக்கு வந்தவரை, வாசலிலேயே பிடித்துப்போனார்கள். யார் பிடித்தார்கள் என்பதுகூடத் தெரியாது. போலீஸ் தாங்கள் இல்லை என்றது. உடம்பு கிடைக்கவில்லை. உடம்பு கிடைக்காததால் காரியமும் நடக்கவில்லை. அம்மாவின் நெற்றியில் இன்றைக்கும் குங்குமம் உண்டு.

அனுசியா தன் வாழ்க்கையில் யாரையும் அப்பா என்று கூப்பிட்டதில்லை.

வாசலில் ஒரு படிக்கல் கிடந்தது. அளத்தில் வேலை செய்கிறவர்கள் பாதத்தில் ஒட்டிய உப்பை அந்தக் கல்லில் தேய்த்து உதிர்ப்பார்கள். பிறகு பக்கத்தில் இருக்கிற குடத்து நல்லதண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வருவார்கள். உப்போடு உள்ளே போனால் தரை பொரிந்துவிடும், காலிலும் புண் ஆறாது. அம்மா தட்டுத் தடுமாறிக் குனியப் பார்த்தாள். குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கத்தான். அனுசியா அவளைப் பிடித்து நிறுத்தி, ரொம்பியிருக்கு என்றாள்.

வெயிலிலிருந்து உள்ளே போனதும் கண் குருடானது போல இருந்தது. ஒரே அறை. ஒரு கதவு. ஒரு ஜன்னல், அதையும் சாத்தியே வைத்திருந்தாள் அம்மா. இருட்டு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வடிவம் பிடித்தது. பானை, அடுப்பு, கொடியில் சேலை. உட்கார நாற்காலி என்று அந்த வீட்டில் எப்போதும் ஒன்று இருந்ததில்லை.

சிகரெட் வாடை அடித்தது.

பழைய வாடைதான். சுவரில் ஊறியது போல. ஆனால் அந்த வீட்டில் சிகரெட் பிடிக்கிறவர் யாரும் இல்லை. அப்பாகூட பீடிதான் பிடிப்பாராம்.

அனுசியா அறையின் நடுவில் நடந்து போய்ப் பையை வைக்கப்போனாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். நடுவுல நடக்காத, தரை சரியில்ல என்றாள். அனுசியா குனிந்து பார்த்தாள். சிமெண்டுத் தரை வழுவழுவென்று இருந்தது. அம்மா சுவரோரமாகவே கையை ஊன்றி நடந்து போய், சுவரோரமாகவே பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள்.

சின்ன வயதிலும் இப்படித்தான். நினைவு தெரிந்த நாளிலிருந்து அனுசியா சாயர்புரத்து ஹாஸ்டலில்தான் வளர்ந்தாள். லீவுக்கு வந்தாலும் காலையில் வந்து சூரியன் உச்சிக்கு ஏறுவதற்குள் தேவகனி சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவாள் அம்மா. மற்றப் பிள்ளைகள் லீவு முடிந்து ஹாஸ்டலுக்கு அழுதுகொண்டு வரும்போது, அனுசியா அழாமல் வருவாள். இல்லாத மனுஷனுக்காகக் காத்திருக்கத் தெரிந்தவளுக்கு இருக்கிற பிள்ளையை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்கிற கசப்பு, அவள் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் போகவில்லை.

அவளுக்கு அப்பா என்றால் கடிதங்கள். ஒரு தகர டப்பா நிறைய. லாரி டிரைவர்கள் கை மாற்றிக் கை மாற்றிக் கொண்டுவந்து கொடுத்தவை. மே தினத்துக்கு அவற்றைச் சின்னப் புத்தகமாகப் போடலாம் என்று சங்கத்து முத்துமணி அண்ணாச்சி கேட்டிருந்தார். அனுசியா லேப்டாப்பைக் கொண்டுவந்திருந்தாள். காலை நேரத்தில் கதவருகே உட்கார்ந்து, ஒவ்வொரு கடிதமாக வாய்விட்டுப் படித்து, தட்டினாள். அம்மா படுத்தபடியே உதடு அசைத்தாள். அவளுக்கு எல்லாம் மனப்பாடம்.

"செல்லம், இன்று ஒரு லாரி ஷெட்டில் படுக்கை. தலைமாட்டில் டீசல் பீப்பாய். இருந்தாலும் நன்றாகத் தூங்கினேன். பிள்ளைக்கு அனுசியா என்று பேர் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வை. அவள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அளத்தில் நிற்கிற ஒவ்வொருத்தருக்கும் கறுப்புக் கண்ணாடி இருக்கும். குடிக்கத் தண்ணீர்த் தொட்டி இருக்கும். இதைக் கேட்டதற்காகவா ஒரு மனுஷன் ஒளிந்து திரிந்தான் என்று அவள் நம்மைப் பார்த்துச் சிரிப்பாள். அவள் சிரிக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை."

அனுசியா அம்மாவின் கண்மூடியைப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

அவளுக்கு ரொம்பப் பிடித்த கடிதம் இன்னொன்று. சங்கத்துக் கூட்டங்களில் இப்போதும் அதைச் சொல்வார்கள்.

"மேகம் கருத்தால் நாம் என்ன செய்கிறோம்? அவரவர் அம்பாரத்தை மூட ஓடுகிறோம். பக்கத்து அம்பாரம் கரைவதைப் பார்த்துக்கொண்டே நம்முடையதுக்கு ஓலை போடுகிறோம். நான் கேட்கிற புரட்சி பெரிதாக ஒன்றும் இல்லை செல்லம். மழை வரும்போது ஒருத்தி தன் உப்பை விட்டுவிட்டு அடுத்தவள் உப்பை மூட ஓடவேண்டும். அந்த ஒரு நாள் வந்துவிட்டால் போதும். மற்றதெல்லாம் அதன் பின்னால் தானாக வரும். வரும், நான் நம்புகிறேன்."

கடைசிக் கடிதம் நாலே வரி. சங்கு குளிக்கிற ஒருவர் ஒரு முத்துச்சிப்பி கொடுத்ததாகவும், உள்ளே முத்து இல்லாவிட்டாலும் உள்பக்கம் நிலா மாதிரி இருப்பதாகவும், நூல் கோக்க ஓட்டை போட்டு வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தார். "தொட்டிலில் கட்டலாம். வரும்போது கொண்டுவருகிறேன்."

அதைத் தட்டி முடித்தபோது, அறையின் நடுவில் மரம் கிறீச்சிட்டது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற கனமான ஆள் ஒருக்களித்தால் வருகிற சத்தம்.

அனுசியா திரும்பிப் பார்த்தாள்.

வெறும் தரை.

எலி என்றாள் அம்மா, கேட்காமலே.

தேவகனி தினமும் வந்தாள். பக்கத்து அளத்துக்காரி. அம்மாவோடு ஒன்றாகக் கூடை சுமந்தவள். அறுபதைத் தாண்டியும் வாய் ஓயவில்லை. வாசலில் நின்றபடியே உள்ளே குரல் கொடுப்பாள். உள்ளே மட்டும் வரமாட்டாள், இருட்டு அடைக்கிறது என்பாள்.

"ஏளா செல்லத்தாயி, கட்டை அவுத்ததும் மொதல்ல என் மூஞ்சியப் பாத்துராத. போன கண்ணு திரும்பவும் போயிரும்."

அம்மா சிரித்தாள். அனுசியா வந்த பிறகு அம்மா சிரித்தது அப்போதுதான்.

அந்த மேட்டு அம்பாரத்தைப் பற்றித் தேவகனிக்கு ஒரு தீராத குறை. வருஷா வருஷம் அம்மா கூலியாக வாங்குகிற உப்பை மேட்டில் குவிப்பாளாம். மழைக்காலத்தில் மூடவே விடமாட்டாளாம். எல்லாம் கரைந்து ஓடும். மறுபடி குவிப்பாள். ஒரு தடவை தேவகனி ஓலையோடு வந்தபோது உப்பு வாருகிற வாருபலகையை ஓங்கிக்கொண்டு அடிக்க வந்தாளாம். கிறுக்கச்சி என்று தேவகனி பாசமாகச் சொன்னாள்.

ஒரு நாள் மதிய மருந்து விட்டதும் அம்மா அசந்து தூங்கிவிட்டாள். அனுசியா வெளியே வந்து நின்றாள். காற்று நின்றுபோயிருந்தது. வெயில் இருந்தது, ஆனால் மஞ்சளாக மாறியிருந்தது. கடல் பக்கம் மேகம் ஒன்று, மை கொட்டியது போல, தாழ்வாக ஏறிக்கொண்டிருந்தது. பங்குனியில் மழை வந்தால் உப்புக்காரர்களுக்கு அதைவிடக் கேடு இல்லை. அளம் முழுக்கச் சத்தம். பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

தேவகனி வரப்பில் மூச்சிரைக்க வந்தாள். தலையில் பனையோலைக் கட்டு, இடுப்பில் தார்ப்பாய்ச் சுருள்.

"பாத்துக்கிட்டு நிக்கியே. ஒரு கை குடு. கிறுக்கச்சி தூங்குதால்லா? எந்திரிக்கதுக்குள்ள மூடிருவோம்."

"உங்க அம்பாரம், சித்தி?"

"அது கெடக்கும். மொதல்ல இது."

கடிதத்தில் இருந்த அந்த ஒருத்தி இதோ எதிரே நிற்கிறாள். அனுசியாவும் ஓடினாள். இருவரும் சேர்ந்து தார்ப்பாயை விரித்து, மேலே ஓலையை அடுக்கி, கயிறு கட்டினார்கள். வெள்ளை அம்பாரம் கறுப்பாக மாறியது. தேவகனி நெற்றியை வழித்துக்கொண்டு தன் அளத்தைப் பார்க்க ஓடினாள். சுற்றிலும் மற்ற அம்பாரங்கள் இன்னும் வெள்ளையாகவே நின்றன.

அனுசியா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். மழைச்சாரல் அம்மா மேல் அடிக்கக்கூடாது என்று தாழ்ப்பாளும் போட்டாள்.

அம்மா விழித்திருந்தாள்.

"வெளிச்சம் ஏன் இப்படி இருக்கு?"

"மழை வருதும்மா."

"அம்பாரம் தெறந்துதான கெடக்கு?"

அனுசியா பதில் சொல்லக் கொஞ்சம் தாமதித்தாள். அந்தத் தாமதத்திலேயே அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"மூடிட்டியா?"

"நானும் சித்தியும் சேந்து. அவ்வளவு உப்பும் கரைஞ்சிரும்ல…"

"போ. போய்த் தெற. ஓடு."

"நீ காத்திருக்கது எனக்குப் புரியுதும்மா. ஆனா உப்பு என்ன செஞ்சுது?"

அம்மாவின் கை இருட்டில் அவள் முகத்தைத் தேடிப் பிடித்தது. ஐஸ் போல இருந்தது.

"நான் காத்திருக்கேன்னு ஒனக்கு யாரு சொன்னா? அவுக வந்துரக்கூடாதுன்னு காவல் இருக்கேன் ஏளா."

அவசர அவசரமாக, காற்று போகிற குரலில் அம்மா சொன்னாள். தலைமறைவாக இருந்தபோது அப்பாவுக்கும் அவளுக்கும் ஓர் அடையாளம் இருந்தது. ரோட்டில் நின்று பார்த்தால் தெரிகிற ஒரே பொருள் அந்த அம்பாரம். திறந்து கிடந்தால் ஆபத்து, வரவேண்டாம். மூடியிருந்தால் வரலாம். வெயில் காலத்தில் காரணமில்லாமல் யாரும் உப்பை மூடமாட்டார்கள், அதனால் தவறே நடக்காது என்று இரண்டு பேரும் நம்பினார்கள். அவர் பிடிபட்ட அன்றைக்கு விடிந்ததும் வெள்ளைச் சட்டை போட்ட நாலு பேர் வந்து, வெளியிலிருந்து நாற்காலிகள் கொண்டுவரச் செய்து, இந்த அறையின் நடுவில் உட்கார்ந்துகொண்டார்கள். அவளை வெளியே விடவில்லை. அம்பாரம் திறந்துதான் கிடந்தது. அவர் வரமாட்டார் என்று அவள் தைரியமாக இருந்தாள். உச்சிவேளையில் மேகம் கருத்தது. தேவகனி ஓடிவந்தாள். தன் உப்பை விட்டுவிட்டு.

"எல்லா அம்பாரமும் வெள்ளையாக் கெடக்க, எங்களது மட்டும் மூடிக் கெடந்துச்சு. அதான் உங்கப்பா நம்பி வந்துட்டாக. மழை ஒரு சொட்டு விழல. மேகம் அப்படியே கலைஞ்சு போச்சு."

"சித்திக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீயும் சொல்லிராத. தெரிஞ்சா உசிர விட்டுருவா. அதுக்கப்புறமும் ரெண்டு மூணு தடவ யாராவது எரக்கப்பட்டு மூடிட்டாக. மூடுனா அவுக வந்துருதாக, ஏளா. ஒவ்வொரு தடவையும் வாராக. ஒவ்வொரு தடவையும்…"

வெளியே ஒரு சத்தம்.

கர்ர்ர்.

அம்மா பேச்சை நிறுத்தினாள்.

கர்ர்ர். கர்ர்ர்.

படிக்கல்லில் யாரோ பாதத்தைத் தேய்த்து உப்பை உதிர்க்கிறார்கள். நிதானமாக. முதலில் ஒரு கால். பிறகு மறு கால். வெகுதூரம் நடந்து வீட்டுக்கு வந்துசேர்ந்த மனுஷன் தேய்ப்பது போல.

பீடி வாடை கதவிடுக்கு வழியாக வந்தது. அதோடு உப்புக் கழிநீரின் கசந்த வாடை.

குடத்திலிருந்து தண்ணீர் சரியும் சத்தம். பாதத்தில் விழுகிற சத்தம்.

அனுசியாவுக்குப் பயம் வரவில்லை. அவளால் அதைப் பிறகும் யாருக்கும் விளக்க முடியவில்லை. அவள் காலே அவளைக் கதவு வரைக்கும் கொண்டுபோனது. கை தாழ்ப்பாளைத் தொட்டது. ஒரு பலகைக்கு அந்தப் பக்கம் அவர். எப்படி இருப்பார்? போட்டோ கூட இல்லை. தலைமறைவு ஆள் என்று இருந்த ஒன்றிரண்டையும் கிழித்துவிட்டார்கள்.

"செல்லம்."

மெல்லிய குரல். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிற குரல். அவளைவிடச் சின்ன வயது.

"செல்லம், பிள்ளை முழிச்சிருக்காளா? அவளுக்கு ஒண்ணு கொண்டாந்திருக்கேன்."

அனுசியா தாழ்ப்பாளைப் பாதி இழுத்துவிட்டாள்.

அப்போதுதான் அவளுக்குப் பின்னால், அறையின் நடுவில், நாற்காலி கிறீச்சிட்டது.

இன்னொன்று.

இன்னொன்று.

சிகரெட்டைத் தரையில் போட்டு மிதித்துத் தேய்க்கிற சத்தம். புதுப் புகையின் வாடை. மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிற ஆட்களின் அமைதி அறை முழுக்க நிறைந்தது. அந்த அமைதிக்கு நடுவே ஒரே ஒரு சின்னச் சத்தம்: பால் குடித்து முடித்த கைக்குழந்தை விடுகிற பெருமூச்சு.

அனுசியா திரும்பவில்லை. அவளால் திரும்ப முடியவில்லை.

"உள்ளதான் உக்காந்திருக்கானுக," என்று அம்மா சுவரோரமாக இருந்து முணுமுணுத்தாள். "எப்பவும் இங்கனதான் இருக்கானுக. அவுக வராத வரைக்கும் சும்மா கெடப்பானுக. அன்னைக்கு ஒன்னைய ஒருத்தன் மடில வச்சிருந்தான். சத்தம் போட்டா பிள்ளை இருக்காதுன்னான். நான் சத்தம் போடல, ஏளா. அவுக கால் கழுவுத வரைக்கும் கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்தேன்."

சாயர்புரத்து ஹாஸ்டலும், உச்சிவேளைக்கு முன்னால் அனுப்பிவைத்த எல்லா நாளும், அனுசியாவுக்கு அந்த ஒரு நொடியில் வேறாகத் தெரிந்தன.

"செல்லம்? கதவைத் தெற."

வெளியிலிருந்து கதவு மெல்ல அழுத்தப்பட்டது. தாழ்ப்பாள் நடுங்கியது.

பின்னால் நாலு பேரும் எழுந்தார்கள்.

திறந்தால் ஒரு தடவை பார்த்துவிடலாம். ஒரே தடவை. அவர் கையில் இருப்பதை வாங்கிக்கொள்ளலாம். இதற்காக எத்தனை இரவு வேண்டியிருக்கிறாள்.

அனுசியா தாழ்ப்பாளைத் திரும்பத் தள்ளிப் போட்டாள். நெற்றியைப் பலகையில் வைத்தாள்.

"அப்பா," என்றாள்.

வெளியே மூச்சு நின்றது.

"அப்பா, வராதீங்க. உள்ள ஆள் இருக்கு. போயிருங்க."

பிறகு, பலகையின் அந்தப் பக்கத்தில், அவள் நெற்றி இருந்த அதே உயரத்தில், ஏதோ ஒன்று மெதுவாக வந்து சாய்ந்தது. உள்ளங்கையாக இருக்கலாம். நெற்றியாக இருக்கலாம்.

பிறகு அது விலகியது. ஈரக்காலின் சத்தம் படியிறங்கி, வரப்பில் போய், தேய்ந்தது.

அவளுக்குப் பின்னால் நாற்காலிகள் ஒவ்வொன்றாக மறுபடி கிறீச்சிட்டன. உட்கார்ந்துவிட்டார்கள்.

"போயிட்டாகளா?" என்று அம்மா கேட்டாள்.

"போயிட்டாங்க."

"அடிக்கலயே?"

"இல்லம்மா."

அம்மா சுவரில் தலையைச் சாய்த்து, கண்ணில் ஈரம் படக்கூடாது என்று டாக்டர் சொன்னதை மறந்து, அழுதாள்.

அனுசியா கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். வரப்பில் யாரும் இல்லை. கயிற்றை அறுத்தாள், ஓலையை வீசினாள், தார்ப்பாயை இழுத்துத் தள்ளினாள். அப்போதுதான் மழை இறங்கியது. இந்தத் தடவை மேகம் ஏமாற்றவில்லை. அவள் கண்ணெதிரே உப்பு கரைந்து, பால் போல ஓடி, பாத்தியில் கலந்தது. ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு, தெறந்துதான் கெடக்கு, தெறந்துதான் கெடக்கு என்று சொல்லிக்கொண்டே நின்றாள்.

மழை வந்த வேகத்தில் விட்டது. வெயில் மறுபடி அடித்தது. தேவகனி நனைந்த கோழி போல வந்து, பாதி கரைந்து கிடந்த அம்பாரத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"மூடுனதத் தெறந்து போட்டிருக்கியே. கிறுக்கு ஒனக்கும் எறங்கிட்டா?"

"ஆமா சித்தி."

"என் உப்புல பாதி போச்சு தெரியுமா, இத மூடுன நேரத்துல." கோபம் அதற்குமேல் அவளிடம் நிற்கவில்லை. படிக்கல்லுக்குத் தள்ளி ஈரத்தரையிலேயே உட்கார்ந்தாள். "அன்னைக்கும் இப்படித்தான் ஓடியாந்தேன். ஒங்கப்பாவப் பிடிச்ச அன்னைக்கு. அதுக்கு மொத வாரம்தான் ஒங்கம்மா அந்தக் கடுதாசிய எங்களுக்கெல்லாம் படிச்சுக் காட்டியிருந்தா, அடுத்தவ உப்ப மூடணும்னு. மேகத்தப் பாத்ததும் எனக்கு அதான் ஞாபகம். செய்யணும்னு தோணிச்சு, செஞ்சேன். ஒங்கப்பா அதப் பாத்திருந்தா எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பாக."

வீட்டுக்குள் அம்மாவின் அழுகை நின்றுபோயிருந்தது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அனுசியாவுக்குத் தெரிந்தது.

"பாத்தாங்க சித்தி," என்றாள். "கண்டிப்பாப் பாத்திருப்பாங்க."

தேவகனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நாளைக்கு ரெண்டு கூடை உப்பு கொண்டாறேன், கிறுக்கச்சி எந்திரிச்சு மேட்டப் பாத்தா ஒப்பாரி வைப்பா என்று சொல்லிக்கொண்டே போனாள். அனுசியா அவள் வரப்பில் மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் முத்துச்செல்வத்துக்குப் போன் போட்டு, மாடி அறையை இப்போதைக்கு வாடகைக்கு விட்டுவிடச் சொன்னாள்.

குடத்தை நிரப்ப வேண்டும். இனி அது அவள் வேலை.

படிக்கல்லின் விளிம்பில், மழை கழுவாமல் விட்ட இடத்தில், தேய்த்து உதிர்த்த உப்பு ஒரு சின்னக் கோடாகக் கிடந்தது. அவள் குனிந்து குடத்தைச் சாய்த்தாள். பாதிக்கு மேல் காலியாக இருந்தது. அடியில் ஏதோ உருண்டது. கையை விட்டு எடுத்தாள்.

முத்துச்சிப்பி. ஓரத்தில், நூல் கோக்கிற அளவுக்கு, ஒரு ஓட்டை.

அதைத் திருப்பினாள். உள்பக்கம் நிலா மாதிரிதான் இருந்தது. வெயில் பட்டதும் அந்தப் பளபளப்பில், புகைக்குள் தெரிவது போல, அவளுக்குப் பின்னால் திறந்து கிடக்கிற கதவு தெரிந்தது. கதவுக்குள்ளே இருட்டு. இருட்டுக்கு நடுவில் நாற்காலியில் ஒரு வெள்ளைச் சட்டை.

அதன் மடியில் ஒரு கைக்குழந்தை, கண்ணை விழித்து, சிப்பிக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தது.